மூன்றாவது குடும்பம்

அந்த எந்திரத்தை ஓங்கி ஒரு உதை விட்டால் என்ன என்று செல்வக்கனிக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமா, கால் எழும்பியே விட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்ததால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பத்தொன்பதாயிரம். நேற்றும் அதே பத்தொன்பதாயிரம்தான். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏறுவதற்கான மாத்திரையைத் தம்பி சேர்மராஜ் மூன்று வாரமாக வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறான். பால் பட்டால் மருந்து பிடிக்காது என்று டாக்டர் சொன்னதற்காகக் காபியைக்கூட விட்டுவிட்டான். அத்தனைக்கும் பிறகு இந்தத் தகர டப்பா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டு அதே எண்ணைக் காட்டுகிறது.

அதற்கு முழுப்பெயர் நீளமாக ஏதோ உண்டு. சிவகாசியில் எல்லோருக்கும் அது 'எண்ணி'தான். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, ரத்தத்தில் எது எத்தனை இருக்கிறது என்று சொல்லும். தட்டணு ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்றால் அறுவை அறையின் கதவு திறக்காது. உள்ளே வெட்டித் தைக்கிற எந்திரக் கைகளும் அசையாது. ஒரு காலத்தில் டாக்டர்கள் அவரவர் துணிச்சலுக்குக் கத்தி வைத்து, ரத்தம் நிற்காமல் ஆட்கள் செத்து, கேஸ் கோர்ட்டுவரை போய், கடைசியில் சட்டமே போட்டுவிட்டார்கள். எண்ணி சரி என்றால்தான் கதவு. நல்ல சட்டம்தான். குறை சொல்ல முடியாத சட்டத்தின்மேல் வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடம் கிடையாது.

சேர்மராஜுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காதும் முக்கால்வாசி போய்விட்டது. அவனுடைய செல்லையே எடுத்து, இந்தச் சிறுநீரக மையத்தின் கண்ணாடித் தொட்டியில் ஒன்பது மாதம் வளர்த்து, புதுச் சிறுநீரகம் ஒன்றைத் தயார்பண்ணி வைத்திருந்தார்கள். அரசாங்கம் கொடுப்பது ஆளுக்கு ஒன்று, ஆயுசுக்கு ஒரு தடவை. முற்றிய பிறகு பதினாலு நாள்தான் தாங்கும். அந்தப் பதினாலாவது நாள் வருகிற வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு முடிகிறது. அதற்குள் உடம்புக்குள் போகாவிட்டால் குப்பைக்குத்தான் போகும். அன்றைக்குப் புதன்கிழமை.

அடுத்தவர் தட்டணுவை ஏற்றிப் பார்க்கலாமே என்றால், அந்த வழியும் அடைந்துவிட்டது. பதினாலு வருஷமாக ஏற்றி ஏற்றி, அவன் உடம்பு அதை எதிரியாகவே பழகிக்கொண்டது. ஏற்றின ஒரு மணி நேரத்தில் அத்தனையும் காலி.

டாக்டர் ரிஸ்வானா இந்த மையத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சின்ன வயசு. எண்ணி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போகிற ரகம் இல்லை. அக்காவையும் தம்பியையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைத் திரையில் போட்டுக் காட்டினாள். அவள் பேசப்பேச வார்த்தைகள் திரையின் கீழே எழுத்தாக ஓடின. சேர்மராஜ் அதைப் படித்துக்கொண்டான்.

சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. கடுகு அளவு இருக்கவேண்டியது சுண்டைக்காய் அளவு இருந்தது.

"இதெல்லாமே தட்டணுதான் அக்கா. நான் உட்கார்ந்து கண்ணால எண்ணினேன். எழுபத்தாறாயிரம் இருக்கு. மாத்திரை நல்லாவே வேலை செஞ்சிருக்கு. தாராளமா ஆபரேஷன் பண்ணலாம்."

"அப்புறம் அந்தக் குருட்டு மெஷின் ஏன் பத்தொன்பதுங்குது?"

"பெருசா இருக்கிறதைத் தட்டணுன்னே அது ஒத்துக்கலை. அழுக்குன்னு தள்ளிடுது."

செல்வக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் செய்தவன் யார், அவனைக் கூப்பிடுங்கள், அவன் ரத்தத்தை எண்ணிப் பார்க்கலாம் என்று குதித்தாள். பதினாலு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டு, உடம்பே தன் தட்டணுவைத் தின்கிறது என்று கதை சொல்லி, ஸ்டீராய்டு கொடுத்து என் தம்பி முகத்தைப் பூசணிக்காய் மாதிரி ஊதவைத்தீர்கள். அதுவும் போதாதென்று இருபத்துநாலு வயசுப் பையன் வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எவன் பெண் கொடுத்தான், இன்றுவரை ஒண்டிக்கட்டையாக நிற்கிறானே என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். இவளுடைய கோபம் ஊரறிந்தது. அச்சகத்தில் மை கலக்குகிற பிரிவில் இவள் வேலை பார்க்கிறாள். இவள் குரல் கேட்டால் மேனேஜரே வேறு வாசல் வழியாகப் போவார்.

ரிஸ்வானா அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இது பரம்பரை வியாதி அக்கா. தட்டணு பெருசா, எண்ணிக்கையில குறைச்சலா இருக்கும். காது போகும். சிறுநீரகம் போகும். உடம்பு தட்டணுவைத் தின்னவே இல்லை. அந்த மருந்தும் தேவையில்லை, மண்ணீரலை எடுத்ததும் தேவையில்லை. குடும்பத்துல இன்னொருத்தருக்கு இருக்குன்னு ஒரு வரி தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க."

எண்ணிக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லையாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அங்கங்கே இருக்கிற ஜனங்களின் ரத்தத்தையும், அவர்கள் நிரப்பிக்கொடுத்த படிவங்களையும் சேர்த்துவைத்துப் பார்த்து அது தானே படித்துக்கொண்டது. வேறு மாவட்டங்களில் 'எங்கள் வம்சத்தில் இது உண்டு' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அங்கே எண்ணி பெரிய தட்டணுவையும் எண்ணுகிறது. இந்த மாவட்டத்தில் அப்படி எழுதிய ஒரே ஒரு குடும்பம்கூட இல்லை. அதனால் இங்கே பெரிய தட்டணு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அது முடிவுகட்டிவிட்டது. ஆளை வேறு ஊருக்குக் கொண்டுபோனாலும் பிறந்த மாவட்டத்துப் பதிவு கூடவே வரும்.

"நீங்க எல்லாரும் எழுதிக்கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்லுது அக்கா," என்றாள் ரிஸ்வானா.

ஏன் எழுதவில்லை என்று செல்வக்கனியைக் கேட்கவேண்டுமா? ஊருக்கே தெரியும். எழுதினால் மரபேட்டில் ஏறும். மரபேடு என்பது அரசாங்கத்தின் ரத்தப் பதிவு. ஒருத்தர் பெயருக்குப் பக்கத்தில் குறி விழுந்தால் ரத்த சொந்தம் அத்தனை பேருக்கும் விழும். கல்யாணம் பேசி முடித்துப் பதிவுக்குக் கொடுத்திருந்தால் சம்பந்தி வீட்டுக்குத் தானாகவே தகவல் போய்விடும். இந்த ஊரில் காது போனால் 'வெடிச் சத்தத்தில் போச்சு' என்று சொல்லிவிட வசதியாக இருந்தது. சிறுநீரகம் போனால் உப்புத்தண்ணீர். மூக்கில் ரத்தம் வந்தால் சூடு. செல்வக்கனியின் அப்பா அப்படிச் சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார். அவளுக்கும் இடது காது மந்தம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீனாட்சியைக் கும்பிடப் போகிறேன் என்று மதுரைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வருவாள். லாரி விபத்தில் செத்துப்போன புருஷனுக்குக் கடைசிவரை இது தெரியாது. இப்போது மகள் நறுமுகைக்கு அருப்புக்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்து, பதிவுக்குக் கொடுத்து, ஆவணியில் நாளும் குறித்தாயிற்று.

சேர்மராஜ் திரையைக் காட்டி, தன் பழைய படிவங்களைப் பார்க்கவேண்டும் என்றான். ரிஸ்வானா தயங்கினாள். அவனுடைய படிவங்கள், அவன் கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். வரிசையாக வந்தன. 'குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா? இல்லை. அறிவித்தவர்: அக்கா.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. அவனுக்குக் காது கேட்காததால் எல்லா இடத்திலும் அவள்தானே எழுதிக்கொடுத்தாள்.

"பதினொண்ணு," என்றான் சேர்மராஜ். குரல் வழக்கம்போலச் சற்று உரக்க வந்தது. "உன் காதைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டே பதினொரு தடவை இல்லைன்னு எழுதியிருக்கே. அப்பாவுக்கும் இருந்துச்சு."

"நறுமுகைக்காகத்தான்டா. ஒரு பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு..."

"எனக்கு மண்ணீரல் எடுத்தப்ப அவளுக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்தியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதிலிருந்தும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். திரையில் அவள் வார்த்தை எழுத்தாக ஓடும் என்று தெரிந்து, முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் என்ன சொல்லி என்ன பிரயோஜனம்? செல்வக்கனி விரலை நீட்டினாள்.

"எடுங்க டாக்டர். என் ரத்தத்தை எடுங்க. உண்டுன்னு எழுதுங்க."

கதை அதோடு முடியவில்லை. ஒரு குடும்பம் சொன்னால் எண்ணி நம்பாது. ஒருத்தர் பொய்யாக எழுதி எல்லார் உயிரோடும் விளையாடிவிடக் கூடாதே என்று விதி வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று குடும்பம் ரத்தம் கொடுத்து, உண்டு என்று எழுதவேண்டும். அப்போதுதான் அது புதிதாகப் படிக்கும். நோயாளிகள் பெயரை ரிஸ்வானா வெளியே சொல்லக் கூடாது, அவர்களைத் தானாகப் போய்க் கேட்கவும் கூடாது.

அவள் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. செல்வக்கனிக்கே தெரியும். அந்த மதுரை ஆஸ்பத்திரியில் சிவகாசி ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் பார்க்கமாட்டார்கள். ஒரே பஸ்ஸில் போய், ஒரே வராந்தாவில் உட்கார்ந்து, ஒரே டாக்டரைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை, நான் உன்னைப் பார்க்கவில்லை. அது ஒரு ஊர்க்கட்டுப்பாடு மாதிரி, யாரும் போடாமலே நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் பாத்திரக்கடை தனபால் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவிக்கு இரண்டு காதிலும் கருவி. முடியைத் தழையவிட்டு மறைத்துக்கொள்வாள். தனபால் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, யாரைச் சொல்கிறாய், என் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது, அவளுக்கு வெடிச் சத்தத்தில் போன காது என்றார். அந்தத் தெருவுக்கு ரெண்டு கிலோமீட்டர் சுற்றளவில் பட்டாசு ஆலையே இல்லை.

"வெடி எங்க வெடிச்சுது அண்ணாச்சி, உங்க அடுப்படியிலயா?" என்று செல்வக்கனி கத்தினாள். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. தனபால் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கத்தியிருக்கக் கூடாது என்று தெரு முனை திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. இனி அந்த வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது.

மத்தியானம் காளீஸ்வரி வீடு. அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் போன வருஷம் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனான். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள், செல்வக்கனி சொன்னதை எல்லாம் கேட்டு முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. பிறகும் நிறுத்தவில்லை.

"எம் மூத்தவன் அந்த வராந்தாவுல மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தான். நீ எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தே. போனை நோண்டிக்கிட்டு இருந்தே. அவன் தண்ணி கேட்டது உனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

செல்வக்கனி பொய் சொல்லியிருக்கலாம். இடது காது மந்தம் என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டுச்சு," என்றாள்.

"நான் டாக்டரைத் தேடி ஓடிட்டேன். நீ எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தா உன் குடும்பம் என்ன கவுந்தா போயிருக்கும்?"

காளீஸ்வரி இன்னும் பத்துக் குழாய் உருட்டினாள். இளையவனுக்குப் பெண் பார்க்கிறேன், இதை எழுதிவிட்டால் எவன் கொடுப்பான் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா. உனக்காக வரலை. என் பிள்ளைக்கும் அந்த மெஷின் இதே மாதிரி பதினெட்டாயிரம்னுதான் சொல்லுச்சு. அவனோடதும் தொட்டியில கெடந்து அழுகிச்சு."

இரண்டு குடும்பம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் நாலு வாசல் ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் அழுதார்கள், ஒரு வீட்டில் திட்டினார்கள், இரண்டு வீட்டில் ஆளே இல்லை என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு மையத்துக்குத் திரும்பினாள். நறுமுகை ஏற்கெனவே வந்து மாமாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மரபேட்டில் குறி விழுந்துவிட்டது, அருப்புக்கோட்டைக்கும் தகவல் போயிருக்கும் என்று முந்தின நாளே மகளிடம் செல்வக்கனி சொல்லிவிட்டாள். சொன்னாள் என்றால், கல்யாணம் போச்சு, எல்லாம் போச்சு, யாரும் என்னை எதுவும் கேட்காதீர்கள் என்று கத்திவிட்டுப் போனாள். நறுமுகையும் எதுவும் கேட்கவில்லை.

சேர்மராஜ் அக்காவோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. எண்ணி பத்தொன்பதாயிரத்திலேயே நின்றது. தொட்டி அறையிலிருந்து ஒருத்தர் வந்து, நாலு மணிக்கு அப்புறம் அப்புறப்படுத்துவதற்கான தாளில் கையெழுத்து கேட்டார். செல்வக்கனி அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு எண்ணியின் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. ரிஸ்வானா ஓடிவந்தாள். மூன்றாவது குடும்பம் எங்கேயோ ரத்தம் கொடுத்துவிட்டது, எண்ணி படித்துக்கொண்டிருக்கிறது என்றாள். யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. சேர்மராஜின் விரலில் இன்னொரு சொட்டு எடுத்தார்கள். எழுபத்தைந்தாயிரத்து எண்ணூறு. கதவு விலகிற்று. அத்தனை நாள் மலை மாதிரி நின்ற கதவு, சத்தமே இல்லாமல்.

தள்ளுகட்டில் நகர்ந்தபோது சேர்மராஜ் நறுமுகையின் தலையைத் தொட்டான். அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"பொழைச்சு வந்தாலும் உன்கிட்ட எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு," என்றான்.

"வந்து கேளு," என்றாள் செல்வக்கனி.

உள்ளே எந்திரக் கைகள் வேலையை ஆரம்பித்துவிட்டன என்று திரை சொன்னது. ரத்தக்கசிவு இயல்பாக இருப்பதாகவும் சொன்னது. அப்போதுதான் அவளுக்குக் கால் வலியே தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். திருமணப் பதிவகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருந்தது. எதிர்பார்த்ததுதான், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றிருப்பார்கள் என்று திறந்தாள்.

'நறுமுகை, ஆதவன் திருமணப் பதிவு முப்பது நாள் நிறுத்திவைக்கப்படுகிறது. காரணம்: இரு தரப்பிலும் ஒரே மரபுக்குறி (மணமகன் தரப்பில் பதிவானது: இன்று 3.05). மருத்துவ ஆலோசனைக்குப் பின் மணமக்கள் விரும்பினால் தொடரலாம்.'

இரண்டு தடவை படித்தாள். இரு தரப்பிலும். இன்று மூன்று மணிக்கு. அந்த மூன்றாவது குடும்பம், அதே மாவட்டத்து அருப்புக்கோட்டை.

உச்சிக்கு ஏறிவிட்டது அவளுக்கு. என்ன ஒரு நெஞ்சழுத்தம்! மாப்பிள்ளையின் அப்பனுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போயிற்று என்றுதானே சொன்னார்கள்? இத்தனையையும் மூடிவைத்துக்கொண்டு என் பெண்ணைக் கேட்டு வந்து, தட்டு மாற்றி, பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தால் அது என்ன பாடுபடும் என்று நினைத்தார்களா? மாப்பிள்ளையின் அம்மா ஷர்மிளாவுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் பொரிந்து தள்ளினாள். இப்படி ஏமாற்றலாமா, நீங்களெல்லாம் மனுஷர்தானா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஷர்மிளா குறுக்கே பேசவே இல்லை. இவளுக்கு மூச்சு முட்டி நின்றபிறகுதான் பேசினாள்.

"நான் எழுதலை மதினி. நான் செத்தாலும் எழுதியிருக்கமாட்டேன். உங்க குறி வந்ததும் நான்கூட உங்களைத் திட்டத்தான் போனை எடுத்தேன். அவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போய் ரத்தம் குடுத்துட்டு வந்து நிக்கான்."

"அவருக்கு எப்படித் தெரியும், இங்க மூணாவது ஆள் வேணும்னு?"

"உங்க பொண்ணுதான் சொல்லியிருக்கா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசினாங்களே மதினி. அன்னிக்கே எனக்கு இருக்குன்னு இவ சொல்லியிருக்கா, எனக்கும் இருக்குன்னு இவன் சொல்லியிருக்கான். பிள்ளை விஷயமா டாக்டரைக்கூடப் போய்ப் பாத்துட்டாங்களாம். தெரியாதது உங்களுக்கும் எனக்கும்தான்."

செல்வக்கனி போனை வைத்தாளா, அதுவாக நின்றதா, தெரியவில்லை. நறுமுகை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். அம்மா எழுந்து வருவதைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்துகொண்டாள்.

"எத்தனை வருஷமாடி தெரியும் உனக்கு?"

"பள்ளிக்கூடத்துல ரத்தம் எடுத்தாங்கல்ல, அப்பலேர்ந்து சந்தேகம்தான். மாமாவைப் பாத்துக்கிட்டே வளந்தவளுக்குத் தெரியாதாம்மா? காலேஜ் போனதும் தனியா போய் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

"உனக்காகத்தானேடி நான் இத்தனையும் மறைச்சேன்? தெரிஞ்சவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் மாமன் இப்படி நாலு வருஷம் கிடந்து சீரழிஞ்சிருப்பானா? ஏன் சொல்லலை?"

நறுமுகை தரையைப் பார்த்தாள். அவளும் அந்த வீட்டுப் பெண்தானே, அவளுக்கும் கோபம் இருந்தது. ஆனால் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அவர்கிட்டச் சொல்லப் பயமா இல்லைம்மா. ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்லைன்னுதான் இருந்தேன். உன்கிட்டச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

என்ன சொன்னாய் என்று கத்துவதற்காகச் செல்வக்கனி வாயைத் திறந்தாள். கை அதுபாட்டுக்கு ஓங்கிக்கொண்டது. நறுமுகை ஒரு எட்டு பின்னால் வைத்தாள், சுவரோடு சுவராக, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

செல்வக்கனி கையை இறக்கினாள். மகள் கண்ணைத் திறக்கிறவரை அங்கேயே நின்றாள்.